ஏரிக்குப் போக வாங்கிய வண்டி

படிக்காரர் அந்தப் பழைய ஜீப்பை வாங்கிய கதையை அவரே சொல்லிக் கேட்க வேண்டும். சொல்லும்போது தன்னைக் கொஞ்சமும் விட்டுவைக்க மாட்டார். "என்னை மாதிரி ஒரு அறிவாளியை நீங்க டிக்கெட் வாங்கித்தான் பாக்கணும்" என்றுதான் ஆரம்பிப்பார். மரத்தில் படிக்கட்டு செய்து கொடுப்பது தொழில் என்பதால் எல்லோருக்கும் அவர் படிக்காரர். இருபத்தாறு வருடமாக ஊரார் வீட்டு மாடிகளுக்கெல்லாம் வழி செய்து கொடுத்துவிட்டு, தான் மட்டும் தரைத்தளத்தில் இரண்டே அறையில் குடியிருப்பவர்.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே ஊசி குத்தியதில் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூட்டை மாற்றிவிடலாம் என்றார். நான்கு மாதம் தள்ளி ஒரு புதன்கிழமையையும் குறித்துக் கொடுத்தார். அன்று பேருந்தில் திரும்பி வரும்போது மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை மலை மேல இருக்கிற ஏரியைப் பாத்துடணுங்க."

"எந்த ஏரி?"

"மேல தண்ணி தேக்கி வச்சிருக்காங்களே, அது. பாதை ரொம்ப மோசமாம். ஜீப் மாதிரி ஏதாவது இருந்தாத்தான் போக முடியும்னு லேப்ல பேசிக்கிட்டாங்க."

ஜீப் என்ற சொல் காதில் விழுந்ததும் படிக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆறு வருடமாக வீட்டுக்குத் தெரியாமல் செல்போனில் பழைய ஜீப் விளம்பரங்களாகப் பார்த்துத் தீர்த்தவர் அவர். கேட்கத்தான் வாய் வரவில்லை. படிக்கட்டு செய்கிறவனுக்கு ஜீப் எதற்கு என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல அவரிடம் ஒன்றும் கிடையாது. இப்போது பதில் தானாக வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது. மனைவியின் முழங்காலை நினைத்து வருத்தப்பட வேண்டிய மனிதர், மீதி வழி முழுக்க டயரை நினைத்துக்கொண்டு வந்தார்.

விற்றவர் ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர். வண்டியைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே அதன் குணங்களைச் சொன்னார்.

"வயசு இருபத்தெட்டு. காலையில எந்திரிக்கும்போது கொஞ்சம் இருமும். தண்ணி நிறையக் குடிக்கும். மத்தபடி சாது."

வண்டி வாங்குகிறவர்கள் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தபடி படிக்காரர் முன் டயரை ஓர் உதை உதைத்தார்.

"வர்றவங்க எல்லாரும் உதைக்கிறாங்க. எதுக்குன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல" என்றார் வைத்தியர்.

படிக்காரர் அசடு வழியச் சிரித்தார். எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது முன்பக்கம் இருக்கும் என்பது மட்டும்தான். அதனால் தெரிந்ததைச் சோதித்தார். பின்பக்கம் ஆள் உட்காரப் போட்டிருந்த பலகையை விரல் முட்டியால் தட்டினார். மூட்டுகளில் கட்டைவிரலை ஓட்டினார். "நல்ல மரம்" என்று தீர்ப்புச் சொன்னார். உட்காரும் பலகை நன்றாயிருக்கிறது என்பதற்காக ஒரு ஜீப்பையே வாங்கிய ஆள் உலகத்தில் தான் ஒருவன்தான் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

"மலை ஏறுமில்ல?" என்று மட்டும் கேட்டார்.

"இருபது வருஷம் இதுலதான் மேல போய் மாடு பாத்தேன். நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. எண்ணெயை மட்டும் மாத்துங்க. வர்ற ஞாயித்துக்கிழமையே போய்ட்டு வரலாம்" என்றார் வைத்தியர்.

அந்தப் பேச்சைக் காதில் வாங்கியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். படிக்காரர் நேராக வண்டியை ஸ்பேனரிடம் கொண்டுபோனார்.

ஸ்பேனர் என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். சலவைக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே தகரக் கூரை போட்ட நீளமான பட்டறை அவருடையது. பேச்சு குறைவு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், 'ப்ச்' என்றார். படிக்காரர் அவசரமாகக் கேட்டார்.

"ஏரிக்குப் போகணும். போகுமா?"

"போகும்ணே. போகாதுன்னு சொல்லல. ஆனா..."

அந்த 'ஆனா'வில் படிக்காரர் நான்கு மாதம் குடியிருந்தார்.

முதலில் பெரிய டயர் வேண்டும் என்றார் ஸ்பேனர். மாட்டியதும் டயர் மட்கார்டில் உரசியது. உரசாமல் இருக்க ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியை உயர்த்தினார்கள். உயர்த்தியதும் ஸ்டியரிங் கம்பி கோணிக்கொண்டது. அதைச் சரி செய்ததும் பிரேக் குழாய்க்கு நீளம் போதவில்லை. வண்டி இப்போது உயரமாக, கம்பீரமாக, ஆனால் தலை மொட்டையாக இருப்பதுபோல் படிக்காரருக்குத் தோன்றியது. கூரைமேல் கம்பித் தட்டு வைத்தார்கள். தட்டு இருந்தால் விளக்கு இல்லாமல் எப்படி? ஆறு விளக்கு. ஆறு விளக்குக்குப் பழைய பேட்டரி தாங்காது. பிறகு சேற்றில் மாட்டினால் தன்னைத் தானே இழுத்துக்கொள்ள முன்பக்கம் ஒரு விஞ்ச், இரும்புக் கயிற்றோடு. விஞ்சின் கனத்தில் வண்டி மூக்கைத் தொங்கப் போட்டது. மறுபடியும் முன் ஸ்பிரிங்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்? சனிக்கிழமை மத்தியானமே உளியையும் இழைப்புளியையும் மூட்டை கட்டிவிட்டுப் பட்டறைக்கு ஓடுவார். அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொள்வார். பத்து வேலையில் ஒன்பதை ஸ்பேனர்தான் செய்வார். பத்தாவதைப் படிக்காரர் செய்வார். அந்தப் பத்தாவதை மறுநாள் ஸ்பேனர் சத்தமில்லாமல் கழற்றி மறுபடி மாட்டுவார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் வீட்டில் ஒரே வசனம்தான்.

"இன்னும் ஒரே ஒரு வேலை. அடுத்த வாரம் கண்டிப்பாப் போறோம்."

முதல் சில வாரங்கள் மனைவி காலையிலேயே பிளாஸ்கில் டீ ஊற்றி, நல்ல புடவை கட்டித் தயாராக இருந்தாள். மத்தியானம் அந்த டீயைத் தானே குடிப்பாள். மூன்றாம் மாதம் பிளாஸ்கை எடுப்பதை விட்டுவிட்டாள். புகைபோக்கி மாதிரி ஒரு குழாயை ஜீப்பின் கன்னத்தோரமாக மேலே ஏற்றி வைத்த அன்று, பட்டறைக்கு அழைத்துப்போய்க் காட்டியபோது மட்டும், "இது எதுக்குங்க?" என்று கேட்டாள்.

"வண்டி தண்ணியில முங்கினாலும் எஞ்சின் மேலேருந்து மூச்சு விடும்."

"நாம ஏரியைப் பாக்கப் போறோமா, ஏரிக்குள்ள போறோமா?"

ஸ்பேனர் திரும்பி நின்று ஒரு நட்டைத் தேட ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே இரண்டு பேருந்து மாறி, நொண்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். படிக்காரர் வண்டிக்கு அடியில் இருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும். அடுக்கி வைத்திருந்த டயர்மேல் உட்கார்ந்து அந்தப் பாதங்களோடு கொஞ்ச நேரம் பேசினாள்.

"ஏரி இருக்கட்டும். இன்னைக்குப் பக்கத்துல எங்கயாவது போய்ட்டு வரலாமா? கடைத்தெரு வரைக்கும்?"

"வண்டி முழுசாத் தயாராகட்டும்மா" என்றன பாதங்கள்.

அவள் மறுபடி இரண்டு பேருந்து மாறி வீட்டுக்குப் போனாள்.

வண்டியைக் கடைசியாக உயர்த்திய மறுநாள் மனைவியை அழைத்து வந்து முன்னால் நிறுத்தினார் படிக்காரர். ராஜா ராணிக்குத் தேர் காட்டுவதுபோல் கதவைத் திறந்தார். அவள் கைப்பிடியைப் பற்றி வலது காலைத் தூக்கினாள். எட்டவில்லை. கையால் தூக்கி வைத்து எட்டியதும், உந்த வேண்டிய இடது முழங்கால் உந்த மறுத்தது. இன்னொரு தடவை முயன்றாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு காலைக் கீழே வைத்தாள்.

படிக்காரர் பழக்கதோஷத்தில் அளவு நாடாவை எடுத்து வைத்துப் பார்த்தார். தரையிலிருந்து கால் வைக்கும் இடத்துக்கு இருபத்தேழு அங்குலம்.

ஒரு படி ஏழு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அவர் தொழிலில் வேதம். ஏழரை வைத்தால் போதும் என்ற வீட்டுக்காரர்களோடு, வயசானவங்க எப்படி ஏறுவாங்க என்று சண்டை போட்டு, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த மனிதர். அச்சுக்கும் தரைக்கும் எத்தனை அங்குலம், எத்தனை பெரிய கல்லைத் தாண்டும் என்று எல்லாவற்றையும் அளந்தார். ஏற வேண்டியவளின் முழங்காலை மட்டும் அளக்கவில்லை.

"ஊரார் வீட்டுல அரை அங்குலத்துக்குச் சண்டை போடுவீங்களே" என்றாள் மனைவி. கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அதற்கு அவர் செய்த பரிகாரம் என்ன தெரியுமா? தேக்கில் மூன்று படி வைத்த ஒரு சின்ன முக்காலி. மேலே ஏறியதும் இழுத்துக்கொள்ளக் கயிறு. ஒரு மாலையில் முடிய வேண்டிய வேலை அது. இழைத்து, தேய்த்து, மெருகு போட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அதிலேயே ஒழித்தார்.

புதன்கிழமைக்கு முந்தைய கடைசி ஞாயிறு வந்தது. படிக்காரர் சட்டை மாட்டிக்கொண்டு, "விளக்குக்கு ஒயர் மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"நாம பகல்லதான் போறோம்" என்றாள் மனைவி. பிளாஸ்க் அவள் கையில் இருந்தது. "இன்னைக்குப் போறோம். இல்லைன்னா இனிமே ஏரின்னு என்கிட்ட பேசாதீங்க."

முக்காலியில் ஏறி வண்டிக்குள் உட்கார்ந்தாள். அவர் கயிற்றை இழுத்து முக்காலியைப் பின்னால் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஊருக்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். படிக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தார்ச்சாலை முடிந்து மண் பாதை தொடங்குமிடம் வரை நிமிர்ந்துதான் இருந்தது. அங்கே பாதை சட்டென்று மேலே எழுந்து, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக வளைந்து போயிற்று. படிக்காரர் வண்டியை நிறுத்தினார்.

"என்னங்க?"

"டயர்ல காத்தைப் பாத்துடறேன்."

இறங்கி நான்கு டயரையும் பார்த்தார். விஞ்சைத் தடவினார். நட்டுகளை முடுக்கினார். மறுபடி முதல் டயரிலிருந்து ஆரம்பித்தார். மனைவி இறங்கவில்லை, இறங்கினால் மறுபடி ஏற வேண்டும். கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் பேசாமல் திரும்பிப் போய்விடலாம் என்பதற்கு ஒரு கௌரவமான காரணம் கிடைக்காதா என்றுதான் தேடிக்கொண்டிருந்ததாக அவரே ஒப்புக்கொள்வார்.

ஊரிலிருந்து ஒரு வேன் முனகிக்கொண்டு வந்து நின்றது. ரொட்டி ஏற்றிப் போகும் பழைய வேன். பக்கத்துக் கண்ணாடியைச் சணலால் கட்டியிருந்தார்கள். டயரில் ஒரு கோடுகூட மிச்சமில்லை.

"என்ன சார், எஞ்சின் சூடாயிடுச்சா?" என்று கேட்டார் டிரைவர்.

"இல்ல, பாதையைப் பாத்துட்டிருக்கேன்."

"பாதையில பாக்க என்ன சார் இருக்கு? மேல பம்ப் ரூம்ல ஆள் வேலை செய்யறாங்க. தினம் ரெண்டு நடை ரொட்டி கொண்டு போறேன்." அவர் பார்வை குழாய், விஞ்ச், ஆறு விளக்கு என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. "இதெல்லாம் எதுக்கு சார்? சினிமா எடுக்கறாங்களா?"

உள்ளேயிருந்து மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டாவது கியர்ல போட்டுட்டு, மிதிச்ச காலை எடுக்காம வாங்க. அவ்வளவுதான். என் பின்னாடியே வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வேன் போய்விட்டது.

படிக்காரர் ஏறி உட்கார்ந்தார். இரண்டாவது கியர் போட்டார். ரொட்டி வேனின் புழுதியைத் தின்றுகொண்டே, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலே போனார். பன்னிரண்டு நிமிடம். நான்கு சக்கரத்தையும் சேர்த்து இழுக்க வைக்கும் நெம்புகோலைத் தொடவே மறந்துவிட்டார். நான்கு மாதம் மாட்டியவற்றில் எதுவும் தேவைப்படவில்லை, டீயைத் தவிர.

மேலே ஏரி இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கம்பி வேலி, பம்ப் ரூம், 'குளிக்கக் கூடாது' என்று ஒரு பலகை, வேலிக்கு அந்தப் பக்கம் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் தண்ணீர். இரண்டு ஆடுகள் இவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி மேயப் போய்விட்டன. படிக்காரர் முக்காலியைப் போட்டு மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கினார். அவள் அந்த முக்காலிமேலேயே உட்கார்ந்து டீ ஊற்றினாள்.

"இதைப் பாக்கத்தான் அவ்வளவு ஆசைப்பட்டியா?" என்றார் படிக்காரர்.

"இந்த ஏரி இப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுங்க."

"நீதானே கேட்ட?"

"குளியலறையில உக்காந்து நீங்க ஜீப் பாக்கறது எனக்குத் தெரியாதா? குளிச்சேன்னு சொல்லிட்டு வெளிய வருவீங்க, தலை காஞ்சு கிடக்கும். நீங்களா வாயைத் திறந்து கேக்கவும் மாட்டீங்க. அதான் ஏரின்னு ஒண்ணைச் சொன்னேன்." டீயை ஒரு வாய் குடித்தாள். "வண்டின்னு ஒண்ணு வந்தா ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் எங்கயாவது கிளம்பிப் போவோம்னு நெனச்சேன். நான் படுக்கறதுக்கு முன்னாடி பதினேழு ஞாயித்துக்கிழமை இருந்துச்சு. எண்ணி வச்சிருந்தேன். நீங்க எல்லாத்தையும் அதுக்கு அடியில படுத்தே கழிச்சிட்டீங்க."

படிக்காரர் இந்த நான்கு மாதத்தில் தன்னைத் தானே எத்தனையோ தடவை கேலி செய்துகொண்டவர்தான். ஆனால் இதற்குச் சிரிப்பு வரவில்லை. பட்டறையில் டயர்மேல் உட்கார்ந்து தன் பாதங்களோடு அவள் பேசிவிட்டுப் போனது கண்முன் வந்து நின்றது.

"முதல் மாசம் ஆசையிலதான் பண்ணினேன். பொய் சொல்லல" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம்... ஏரிக்குப் போய்ட்டு வந்துட்டா அடுத்தது ஆபரேஷன்தானே? வண்டியில வேலை பாக்கி இருக்கிற வரைக்கும் நாம ஏரிக்குப் போகலை. ஏரிக்குப் போகாத வரைக்கும் அந்தப் புதன்கிழமை வராதுன்னு ஒரு கிறுக்கு நெனப்பு."

"மூட்டு ஆபரேஷன்தாங்க. எத்தனை பேர் பண்ணிக்கறாங்க."

"முன்னாடி உனக்குப் பித்தப்பை எடுத்தப்பவும் இதையேதான் சொன்னாங்க. ஒரு மணி நேரத்துல கண் முழிச்சிடுவாங்கன்னு. நீ முழிக்கல. ரெண்டு டாக்டர் உள்ள ஓடினாங்க, மூணாவதா ஒருத்தர் ஓடினாரு. ஒருத்தரும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் நீ பாட்டுக்குத் தூங்கி எழுந்த மாதிரி எழுந்து டீ கேட்ட."

மனைவி அவரையே பார்த்தாள். அந்த நாளில் தனக்கு ஒரு மணி நேரத் தூக்கம்தான் போயிற்று என்று இதுவரை நினைத்திருந்தவள் அவள்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது?" என்று படிக்காரர் பையிலிருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது பட்டறைத் துணி. நெற்றியிலிருந்து தாடை வரை கிரீஸ் அப்பிக்கொண்டது. அழுகிற மனிதர்களில் தன் அளவுக்குக் கேவலமாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்பார்.

மனைவி முந்தானையை டீயில் நனைத்து அவர் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பரவியது.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லணுங்க. அதுக்கு எதுக்கு விஞ்ச்?" என்றாள். மறுபடி முந்தானையை நனைத்தபடி, "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள்.

படிக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆடுகள் மேய்ந்துகொண்டே தள்ளிப் போய்விட்டன. பம்ப் ரூமில் ரொட்டியை இறக்கிவிட்டு வேன் திரும்பியது. டிரைவர் படிக்காரரின் கறுத்த முகத்தைப் பார்த்து, வண்டியில் ஏதோ வெடித்துவிட்டது என்று நினைத்து வேகத்தைக் குறைத்தார். ஒன்றுமில்லை, போங்கள் என்று கையைக் காட்டினார் படிக்காரர்.

"நாளைக்குத் திங்கள், அப்புறம் செவ்வாய். நான் லீவு சொல்லியாச்சு" என்றாள் மனைவி.

"நானும் எங்கயும் வேலைக்குப் போகல."

"காலையில கிளம்பிடலாமா? எங்கயாவது?"

"கிளம்பிடலாம்."

முக்காலியில் அவளை ஏற்றிவிட்டுக் கயிற்றை இழுக்கக் குனிந்தபோது, பின் அச்சின் நடுவிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். கொஞ்சம்தான். ஆனாலும் ஸ்பேனரிடம் காட்டினால் ஒரு 'ப்ச்' நிச்சயம்.

"என்னங்க அங்கயே நிக்கறீங்க? வண்டியில வேலை ஏதாவது பாக்கி இருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

"ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார் படிக்காரர்.